பைக் ஹேண்டிலில் ஜிபிஎஸ்: விழாமலும் இருக்கணும், கெடாமலும் இருக்கணும்

குமரி மாவட்டத்தில் வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதே தெரியாத அளவுக்கு வீடுகள் நெருங்கிக் கிடக்கிற மாவட்டம் இது. ஆனால் சொன்ன வழியை நினைவில் வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் பெரும்பாடு. “நேரே போய், சானல் பாலம் தாண்டி, குருசடி பக்கத்தில் இடது பக்கம் திரும்பு” என்று தக்கலையில் ஒருவர் சொல்லி அனுப்புவார். போகிற வழியில் மூன்று குருசடி, அதாவது சிலுவை வைத்த சின்ன வழிபாட்டு இடம், வந்துவிடும். எந்தக் குருசடி என்று யோசிப்பதற்குள் திருப்பத்தைத் தாண்டியிருப்போம். அப்புறம் சானல்கரை (கால்வாய்க்கரை) ரோட்டில் வண்டியைத் திருப்ப இடம் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

அதனால் இப்போது ஹேண்டிலில் மவுண்ட் என்கிற பிடிப்பானை வைத்து, அதில் போனை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் கூடிவிட்டார்கள். மாட்டும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். சிலருக்கு முதல் வேகத்தடையிலேயே போன் ரோட்டில் விழுந்துவிடுகிறது. வேறு சிலருக்குப் போன் அசையாமல் நிற்கிறது, ஆனால் சில மாதத்தில் கேமரா கெட்டுப்போகிறது. இரண்டையும் “மவுண்ட் சரியில்லை” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். உண்மையில் முதலாவது பிடிப்பின் குறை, இரண்டாவது அதிர்வின் வேலை. பிடிப்பைக் கூட்டினால் அதிர்வு குறையாது, பல சமயம் கூடவே செய்யும். புதிதாக மவுண்ட் வாங்கப் போகிறவர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கடையில் எதை எடுப்பது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதை மாட்டப் போகிறோம்?

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த தனி ஜிபிஎஸ் கருவிகள் உண்டு. கார்மின் நிறுவனத்தின் ஜூமோ, டாம்டாம் நிறுவனத்தின் ரைடர் ஆகியவை பெயர்பெற்றவை. கையுறை போட்ட விரலாலும் திரையைத் தொடலாம், நல்ல வெயிலிலும் படம் தெரியும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. இவற்றோடு வரும், கருவியை உட்கார வைக்கிற தொட்டில் வண்டியின் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அருமையான சாதனம், விலையும் அதற்கேற்ற மாதிரி.

ராயல் என்ஃபீல்ட் வண்டிகளில் 2020-இல் மீட்டியார் 350 வந்தபோது ‘ட்ரிப்பர்’ என்ற சின்ன வட்டத் திரையும் வந்தது. போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த திருப்பம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் திரையில் காட்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஓட்டுகிறவருக்கு முழு வரைபடம் தேவையில்லை, அடுத்த திருப்பம் தெரிந்தால் போதும்.

மற்ற எல்லோருக்கும் போன்தான். வீட்டு அலமாரியில் ஒரு பழைய போன் சும்மா கிடந்தால் அதை இந்த வேலைக்கு ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம். ஜிபிஎஸ் வேலை செய்ய சிம் கார்டு வேண்டாம், நெட்டும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. போன் அதை வாங்கிக் கணக்குப் போடுகிறது, பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். நெட் தேவைப்படுவது வரைபடத்தை இறக்குவதற்கும், எங்கே நெரிசல் என்று தெரிந்துகொள்வதற்கும்தான். மாவட்டத்தின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிட்டால், பேச்சிப்பாறைக்கு மேலே மலை ரோட்டில் டவர் போனாலும் நீல அம்புக்குறி உங்களோடு வந்துகொண்டே இருக்கும்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பக்கத்து வீட்டுப் பெருமையும் உண்டு. இந்தியாவின் சொந்த வழிகாட்டு அமைப்பு நாவிக். அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. இஸ்ரோ தன் ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் மகேந்திரகிரி, ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது. புதிய போன்கள் சில ஜிபிஎஸ்ஸோடு நாவிக் சிக்னலையும் வாங்கிக்கொள்கின்றன.

மூன்று இணைப்புகள்

எந்த மவுண்டை எடுத்தாலும் அதில் மூன்று இடங்களில் இணைப்பு இருக்கும். வண்டியைப் பிடிக்கிற கிளாம்ப் ஒன்று. கிளாம்பையும் மேல் தட்டையும் இணைக்கிற கை அல்லது பந்து மூட்டு இன்னொன்று. போனைப் பிடிக்கிற தாடை மூன்றாவது. மூன்றில் எது பலவீனமோ அதுதான் மொத்த மவுண்டின் பலம். கடையில் எல்லோரும் தாடையைத்தான் இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். ரோட்டில் பெரும்பாலும் தளர்வது கீழே உள்ள கிளாம்பும் நடுவில் உள்ள மூட்டும்தான்.

கீழேயிருந்தே தொடங்குவோம். சாதாரண பைக் ஹேண்டில் உருண்டைக் குழாய், அதன் விட்டம் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். சில பெரிய வண்டிகளில் 25.4 மில்லிமீட்டர் வரும். நடுவில் தடித்து ஓரத்தில் ஒல்லியாகும் ஹேண்டில்களில் நடுப்பகுதி 28.6 மில்லிமீட்டர் இருக்கும். வாங்கும் முன் ஹேண்டிலைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அதன் நீளத்தை அளந்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். நூல் 69 மில்லிமீட்டர் வந்தால் அது 22 மில்லிமீட்டர் குழாய், 80 வந்தால் 25.4.

ஸ்கூட்டரில் இந்த வசதி இல்லை. ஹேண்டில் முழுக்க பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். அந்த மூடியில் எதையும் இறுக்கிக் கட்டக்கூடாது, பிளாஸ்டிக் விரிந்துவிடும். அங்கே இருக்கிற ஒரே உறுதியான இடம் கண்ணாடித் தண்டின் அடி. கண்ணாடியைக் கழற்றி, அதன் போல்ட்டுக்கு அடியில் மவுண்டின் தகட்டைச் செருகி, மறுபடி கண்ணாடியை முடுக்க வேண்டும். கண்ணாடிப் போல்ட் பல வண்டிகளில் 10 மில்லிமீட்டர், சிலவற்றில் 8 மில்லிமீட்டர். தகட்டின் துளை அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். யமஹா வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல மாடல்களில் வலது கண்ணாடியின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் இறுக்கி மரையைத் தின்றுவிடாதீர்கள்.

ஹேண்டிலிலேயே எந்த இடம் என்று கேட்டால், நடு. ஹேண்டில் திரும்புவது நடுவிலுள்ள அச்சில். அதற்குப் பக்கத்தில் மாட்டினால் போன் திரும்பும் தூரமும் குறைவு, உதறலும் குறைவு. கைப்பிடியை ஒட்டி ஓரத்தில் மாட்டினால் இரண்டும் கூடும். அதோடு ஹாரன், இண்டிகேட்டர் சுவிட்சுகளுக்குப் போகும் கட்டை விரலுக்கும் இடைஞ்சல்.

நடுவிலுள்ள கையின் நீளம் அடுத்த கேள்வி. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதற்கும், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். குடத்தின் எடை மாறவில்லை, தோள் படும் பாடு மாறுகிறது. 200 கிராம் போனை நீளமான கையின் நுனியில் வைத்தால், ஒவ்வொரு குழியிலும் அந்தச் சுமை மூட்டைத் திருகிக்கொண்டே இருக்கும். கடையில் ஒரே மவுண்ட் இரண்டு நீளத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குட்டையானதை எடுங்கள். மூட்டு, ரப்பர் பூசிய பந்தாக இருந்தால் நல்லது. ராம் மவுண்ட் வகையில் வருவது அப்படித்தான்: இரண்டு பக்கமும் பந்து, நடுவில் ஒரு திருகு, முடுக்கினால் இரண்டு பந்தும் ஒரே நேரத்தில் இறுகும். பளபளப்பான பிளாஸ்டிக் பந்தை பிளாஸ்டிக் வளையம் போட்டு இறுக்குகிற மலிவு வகை, வெயிலில் சூடேறியதும் மெல்லத் தலை கவிழும்.

மேலே போனைப் பிடிக்கும் பகுதியில் பல வகை. நான்கு மூலையையும் கவ்வுகிற தாடை, எக்ஸ் வடிவில் விரல்கள் கொண்டது, போனின் உறையிலேயே பூட்டு வைத்து ஒரு திருகில் மாட்டிக்கொள்வது என்று. ஸ்பிரிங்கின் பலத்தை மட்டும் நம்பி நிற்கிற தாடை எனக்குச் சரிப்படாது. குலுங்கும்போது ஸ்பிரிங் நொடிப்பொழுது விரியும், அந்த நொடி போதும். கவ்வியபின் திருகாலோ கொக்கியாலோ பூட்டுகிற வகை பாதுகாப்பு. காருக்குள் ஒட்டுகிற வெறும் காந்த மவுண்டை பைக்கில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

கிளாம்பை மாட்டுவது

இந்த ஒரு வேலையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் ஹேண்டிலில் அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். பாலிஷ், கிரீஸ், எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது. கிளாம்போடு வந்த ரப்பர் பட்டை உங்கள் குழாய்க்குச் சரியாகப் பொருந்தினால் அதையே போடுங்கள். பொருந்தாவிட்டால் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வாங்கி, ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். ரப்பர் கூடக்கூடப் பிடிப்பும் கூடும் என்று இரண்டு மூன்று சுற்று போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் கிளாம்ப் குழாயைப் பிடிக்காமல் ரப்பரைத்தான் பிடிக்கும். ரப்பர் நெளிய நெளிய கிளாம்ப் மெல்லச் சுழலும்.

கிளாம்பின் இரண்டு பாதியையும் வைத்து, இரண்டு போல்ட்டையும் கையால் முடுக்குங்கள். பிறகு ஆலன் கீயால் (எல் வடிவில் வளைந்த ஆறு பட்டைச் சாவி) இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கிளாம்ப் கோணலாக உட்காரும். இறுக்கி முடித்ததும் இரண்டு பாதிக்கும் நடுவே பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல் பாதியும் பாதியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் இறுக்கிய பலம் முழுக்க அந்த முட்டலுக்கே போய்விட்டது, குழாய்க்கு எதுவும் வரவில்லை. கையால் ஆட்டிப் பார்த்தால் கெட்டியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் சுற்றிக்கொள்ளும். அப்போது உள்ளே இன்னும் கொஞ்சம் தடித்த ரப்பர் போட வேண்டும், அல்லது அந்த விட்டத்துக்கான கிளாம்பாக மாற்ற வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு எளிய வழி: ஆலன் கீயின் நீண்ட பக்கத்தைப் போல்ட்டில் செருகி, குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து இறுக்குங்கள். குட்டைப் பக்கத்தால் அதிக பலம் கொடுக்க முடியாது. அலுமினிய மரையைத் தின்னாமல் இருக்க அதுவே காவல். போல்ட் தானே கழன்று வருமோ என்ற பயம் இருந்தால் மரையில் விடுகிற பசையான லாக்டைட், நீல நிறத்தது, ஒரு சொட்டு போதும். சிவப்பு வகை வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. பிளாஸ்டிக் பாகத்தில் லாக்டைட் படவே கூடாது. சில வகை பிளாஸ்டிக்கை அது நொறுங்க வைத்துவிடும். அங்கே நைலான் வளையம் உள்ள நட்டு போதும்.

போனை மாட்டும் முன், ஹேண்டிலை இடது கடைசி வரை ஒரு முறை, வலது கடைசி வரை ஒரு முறை திருப்புங்கள். மவுண்ட் டேங்கில் இடிக்கிறதா, கிளட்ச் கேபிளையோ பிரேக் குழாயையோ நசுக்குகிறதா, சாவியைத் திருப்ப இடம் இருக்கிறதா, ஸ்பீடோமீட்டரை மறைக்கிறதா என்று பாருங்கள். இதில் எது சரியில்லை என்றாலும் இடத்தை மாற்றத்தான் வேண்டும். பிறகு போனை மாட்டி, போனைப் பிடித்தே வண்டியை ஆட்டிப் பாருங்கள். ஹேண்டிலும் சேர்ந்து ஆடினால் பிடிப்பு சரி. போன் தனியாக ஆடினால் மூன்று இணைப்பில் ஒன்று தளர்வு. முதல் ஓட்டம் முடிந்து வீடு வந்ததும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ரப்பர் அமுங்கி உட்கார்ந்ததும் புதுக் கிளாம்ப் கொஞ்சம் தளரும், அது இயல்பு.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். போன் உறையில் மாட்டிய மெல்லிய கயிற்றின் மறுமுனையை ஹேண்டிலில் கட்ட வேண்டும், மவுண்டில் அல்ல. மவுண்டே கழன்றால் இரண்டும் சேர்ந்தல்லவா விழும்! கயிறு ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் விழுகிற போன் முன்சக்கரத்தைத் தேடிப் போகும்.

அதிர்வு என்பது வேறு கதை

இப்போது பிடிப்பு கெட்டியாகிவிட்டது. இங்கேதான் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது பிஸ்டன் ஒரு நொடியில் 100 முறை ஏறி இறங்குகிறது. அந்த நடுக்கம் சேஸிஸ் வழியாக ஹேண்டிலுக்கு வந்து, நாம் கெட்டியாக இறுக்கிய கிளாம்ப் வழியாக, குறைவே இல்லாமல் போனுக்குள் போகிறது. நம் கைக்கு அது லேசான கூச்சமாக மட்டும் தெரியும்.

போனில் இதைத் தாங்காத பாகம் கேமரா. கை நடுங்கினாலும் படம் தெளிவாக வருவதற்காகப் பல போன்களில் லென்ஸை மிதக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். நடுக்கத்தை உணர்ந்து, நொடிக்கு நொடி லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்துகிற நுட்பமான அமைப்பு அது. கை நடுக்கத்துக்காகச் செய்த பொருளை எஞ்சின் நடுக்கத்தில் மணிக்கணக்காக வைத்தால் நாளடைவில் பழுதாகும். ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் இதை எச்சரிக்கையாக வெளியிட்டது: சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம், அப்படிப்பட்ட வண்டிகளில் நேரடியாக மாட்ட வேண்டாம் என்று. மொபெட், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் போன்றவற்றில் அதிர்வு குறைவுதான், ஆனாலும் அதிர்வைக் குறைக்கும் மவுண்ட் போடுவது நல்லது என்றும் சொன்னது.

அதிர்வைக் குறைக்கும் அந்தப் பாகத்தைக் கடையில் டாம்பர் என்பார்கள். மேல் தட்டுக்கும் கீழ்க் கிளாம்புக்கும் நடுவே மெத்தென்ற ரப்பரோ சிலிக்கானோ வைத்த சின்னத் துண்டு. எஞ்சினின் வேகமான சின்ன நடுக்கத்தை அது விழுங்கிவிடும். பள்ளத்தில் விழுகிற பெரிய குலுக்கலுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத் தாடையின் பூட்டும் கயிறும்தான். டாம்பர் போட்டதும் போன் லேசாக ஆடுவதைப் பார்த்துவிட்டு, லூசாகிவிட்டது என்று கம்பியோ ஜிப் டையோ போட்டு இறுக்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் டாம்பர் இருந்தும் இல்லாத மாதிரி. அந்தச் சின்ன ஆட்டம்தான் அதன் வேலையே. ஆனால் கனமான போனோடு தடித்த உறையும் பையும் சேர்ந்தால் டாம்பர் தாங்காமல் குதிக்கும். அந்தச் சுமைக்கு ஏற்ற டாம்பராகப் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய போனை ஒதுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். லென்ஸ் மிதக்கிற வசதி விலை உயர்ந்த போன்களில்தான் அதிகம். அது இல்லாத சாதாரண போனில் கெட்டுப்போக அந்தப் பாகமே கிடையாது. எழுபதாயிரம் ரூபாய் போனைப் புல்லட் ஹேண்டிலில் மாட்டிவிட்டு, பாக்கெட்டில் பழைய போனோடு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தலைகீழாகத்தான் தோன்றுகிறது.

கரண்ட், வெயில், மழை

திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வழிகாட்டியை ஓட்டினால் பேட்டரி வேகமாக இறங்கும். வண்டியிலிருந்தே சார்ஜ் எடுக்கலாம். புதிய வண்டிகள் பலவற்றில் யுஎஸ்பி வாய் வண்டியோடே வருகிறது. இல்லாதவர்கள் தனியாகப் போடலாம். 5 வோல்ட், 2 ஆம்பியர் தருவது போதும். எலக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, சாவி ஆன் செய்தால் மட்டும் கரண்ட் வரும்படி எடுப்பது. பேட்டரியிலிருந்து நேரடியாக எடுத்தால், வண்டி சும்மா நிற்கிற நாட்களிலும் சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும். இன்னொன்று, பியூஸ். அதுவும் கரண்ட் எடுக்கிற முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயர் வழியில் எங்காவது உரசி வண்டியின் இரும்பு உடம்பில் தொட்டுவிட்டால், தொட்ட இடத்துக்கு முன்னால் பியூஸ் இருந்தால்தான் பலன். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயரைக் கொஞ்சம் தொய்வாக விடச் சொல்லுங்கள்.

வெயிலில் ஓடிக்கொண்டே, சார்ஜும் ஏறிக்கொண்டே இருந்தால் போன் கொதிக்கும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்கிற சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான். காவல்கிணறு பக்கம் சித்திரை வெயிலில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. சூடு கூடினால் போன் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், அப்புறம் சார்ஜை நிறுத்தும், கடைசியில் அணைந்துவிடும். ஓடும்போது படும் காற்றுதான் நல்ல மருந்து. ஜிப் போட்டு மூடுகிற பை அந்தக் காற்றையும் தடுத்துவிடும். ஒயர்லெஸ் சார்ஜிங் மவுண்ட் பார்க்க அழகு, ஆனால் சூட்டைக் கூட்டும்.

மழைக்கு அந்தப் பை உதவும்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பெய்கிற மாவட்டம் இது. ஜூனிலும் நனைவோம், நவம்பரிலும் நனைவோம். ஐபி67 என்று எழுதியிருக்கும் போன், தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. ஆனால் சார்ஜ் வாய் ஈரமாக இருக்கும்போது கேபிள் செருகினால் அந்த எண் காப்பாற்றாது. கேபிளை மாட்டும்போது, போனின் வாய்க்குக் கொஞ்சம் கீழே வரை தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் செருகுங்கள். கேபிள் வழியே வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், வாய் வரை ஏறாது. செலவே இல்லாத ஏற்பாடு. மழைத்துளி பட்டால் தொடுதிரை தானாகவே எதையாவது அழுத்தி, போகிற வழியை மாற்றிவிடும். கிளம்பும் முன் திரையைப் பூட்டிக்கொள்கிற வசதி உங்கள் செயலியில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக ஓட்டியவர்களுக்குத் தெரியும். மலைக்கு நடுவிலுள்ள கணவாயில் நெருக்கிக்கொண்டு வருகிற காற்று அது. அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். பக்கவாட்டில் அடிக்கிற அந்தக் காற்றில், ஹேண்டிலில் அகலமாக நிற்கிற எதுவும் கையை ஒரு பக்கம் இழுக்கும். அந்த வழியில் மெலிந்த மவுண்டே நல்லது.

பார்ப்பதைவிடக் கேட்பது

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியிருப்போம். அதனால் போனை எவ்வளவு மேலே, ரோட்டைப் பார்க்கும் பார்வைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. டேங்க் மேலே பையில் வைத்தால் தலையையே குனிய வேண்டும். ஹெல்மெட்டுக்குள் வைக்கிற ஸ்பீக்கர் இருந்தால் குரல் வழிகாட்டலே போதும். திரை, சந்தேகம் வந்தால் ஒரு பார்வை பார்ப்பதற்கு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வண்டி ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது. ஓடிக்கொண்டே ஊர் பெயரை டைப் அடிப்பது அதில் வராது. ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அம்புக்குறி தடுமாறினால் உடனே மவுண்டைச் சந்தேகிக்க வேண்டாம். வண்டி நிற்கும்போது அம்பு தன் இஷ்டத்துக்குச் சுற்றும். நாம் நகர்ந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்குச் சரியாகத் தெரியும். அடர்ந்த ரப்பர் தோட்டத்துக்குள் சிக்னல் கொஞ்சம் மங்கும். மார்த்தாண்டத்தில் நீங்கள் மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா, அடியில் போகிறீர்களா என்பது ஜிபிஎஸ்ஸுக்குப் பல சமயம் குழப்பம்தான், உயரத்தைக் கணிப்பதில் அது அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டாது. அந்த இடத்தில் போர்டைப் பார்த்து ஏறுங்கள். திற்பரப்பிலோ கன்னியாகுமரியிலோ வண்டியை நிறுத்திப் போகும்போது போனைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்வதையும், யுஎஸ்பி வாயின் ரப்பர் மூடியைப் போட்டுவிடுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் மிச்சம். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். மேலே ஆரஞ்சு நிறம் தெரியும்போதே உள்ளே மரை கடித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும், பிறகு ஆலன் கீ போட்டால் தலை மட்டும் தேயும். மவுண்ட் வாங்கிய கையோடு அதன் போல்ட்டுகளை ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேளுங்கள், 316 ரகம் கிடைத்தால் அதை வாங்குங்கள், 304-ஐவிட உப்பை நன்றாகத் தாங்கும். வண்டி கழுவும்போது மவுண்டின் மேலும் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, அப்படியே போல்ட்டுகளையும் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள்.